பொது பார்க் நிலத்துல கார்பன் சேமிக்கற திட்டம் போடணுமா, இந்த வரிசைல போங்க

பார்க்ல கார்பன் ப்ராஜெக்ட்னு சொன்னதும் முக்காவாசி பேர் மனசுல வர்றது கன்னு நடறதுதான், ஒரு நாள் காலைல எல்லாரும் சேந்து குழி தோண்டி வரிசையா நட்டு தண்ணி ஊத்தி போட்டோ எடுத்துட்டு போறது. நானும் அப்படி சில நடவுகள்ல நின்னிருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துக்கு போய் பாத்தப்போ குச்சியும் பிளாஸ்டிக் கயிறும் நின்னுச்சு, கன்னு இல்ல. அந்த காட்சி இன்னும் எனக்கு உறுத்துது. நடவுங்கறது ஒரு நாள் வேலை, அதுக்கப்புறம் முப்பது நாப்பது வருஷம் காவல், இந்த காவலுக்கு யார் பொறுப்புன்னு தெரிஞ்ச பிறகுதான் மண்வெட்டிய கைல எடுக்கணும். அதனால இதுல நடவு பத்தின பகுதி ரொம்ப பின்னாடிதான் வரும், பொறுமையா படிங்க.

அடிப்படை மட்டும் சுருக்கமா. மரம் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து தண்டு, கிளை, வேர்னு தன் உடம்பா மாத்திக்குது. உலர்ந்த மரத்தோட எடைல கிட்டத்தட்ட பாதி கார்பன், ஐ.நா. சார்புள்ள காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியோட வழிகாட்டில 0.47னு ஒரு பொது அளவு வெச்சிருக்காங்க. அது ஒரு கிடங்கு. இன்னொரு கிடங்கு மண்ணு, இத நிறைய பேர் மறந்துடறாங்க, ஆனா உலகம் முழுக்க எடுத்துக்கிட்டா நிலத்துல இருக்கற தாவரமும் காத்துமண்டலமும் சேந்து வெச்சிருக்கறத விட மண்ணுக்குள்ளதான் கார்பன் அதிகம். உங்க பார்க்ல இந்த ரெண்டு கிடங்கும் ஏற்கனவே ஓரளவு நிரம்பித்தான் இருக்கும். அது கசியாம பாத்துக்கறது முதல் வேலை, புதுசா சேக்கறது ரெண்டாவது.

முதல்ல பேப்பர். நிலம் யார் பேர்ல இருக்கு, பராமரிக்கறது யாரு, இது ரெண்டும் பல இடத்துல வேற வேற ஆபீஸா இருக்கும், அதுல ஒருத்தர் சரின்னு சொல்லி இன்னொருத்தருக்கு தெரியாமலே இருந்தா அஞ்சாவது வருஷம் பிரச்சனை வரும். யாராவது தானமா குடுத்த நிலமா இருந்தா அந்த பத்திரத்துல இது விளையாட்டுக்கு மட்டும், திறந்த வெளியாவே இருக்கணும்னு எதாவது நிபந்தனை போட்டிருக்கலாம், அத படிக்காம மரம் வளத்தா யாரு வேணா கேள்வி கேக்கலாம். வருங்கால திட்ட வரைபடத்த வாங்கி பாருங்க, அந்த ஓரமா ரோடு அகலப்படுத்தவோ பைப் லைன் போடவோ கோடு போட்டிருக்காங்களான்னு. தரைக்கடில என்ன போகுது, கேபிளா, கழிவுநீர் குழாயா, காஸ் லைனா, அதையும் கேட்டு வாங்குங்க. முன்னாடி அந்த இடம் குப்பைமேடாவோ தொழிற்சாலையாவோ இருந்திருந்தா மண்ண தோண்டறதுக்கு முன்னாடி ஈயம் மாதிரி கனஉலோகத்துக்கு டெஸ்ட் பண்ணணும், ஏன்னா நீங்க கிளறிவிடற புழுதிலதான் குழந்தைங்க விளையாடும்.

இதெல்லாம் ஆனதும் எழுத்துல ஒரு தீர்மானம் வேணும். வாய்ல சொன்ன சம்மதம் அந்த அதிகாரி மாத்தலாகி போற வரைக்கும்தான். தீர்மானத்துல மூணு விஷயம் கட்டாயம் இருக்கணும்னு நான் நெனைக்கறேன்: எந்த பகுதி, எத்தன வருஷம், பராமரிப்பு செலவு பட்ஜெட்ல எந்த தலைப்புல இருந்து. மூணாவது இல்லாத தீர்மானத்துக்கு நான் மதிப்பு குடுக்க மாட்டேன், நடறதுக்கு காசு குடுக்க ஆள் நிறைய கிடைக்கும், மூணாவது வருஷ கோடைல தண்ணி லாரிக்கு காசு குடுக்க ஆள் கிடைக்காது.

அடுத்து இருக்கறத எண்ணுங்க. இத பேஸ்லைன்னு சொல்வாங்க, இது இல்லாம பின்னாடி எவ்ளோ கூடுச்சுன்னு சொல்லவே முடியாது. ஒரு டேப், ஒரு நோட்டு, போன்ல ஜிபிஎஸ், ரெண்டு பேர் போதும். ஒவ்வொரு மரத்துக்கும் தரைலேர்ந்து 1.3 மீட்டர் உயரத்துல சுத்தளவு எடுங்க, அத 3.14ஆல வகுத்தா விட்டம். சரிவுல நிக்கற மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்னு அளக்கணும். 1.3 மீட்டருக்கு கீழயே ரெண்டா பிரிஞ்ச மரம்னா ரெண்டு தண்டையும் தனித்தனியா எழுதுங்க. என்ன மரம், உயரம் எவ்ளோ, உடம்பு எப்படி இருக்கு, பொந்து இருக்கா, பட்டுப்போன கிளை இருக்கா, எல்லாம் ஒரே வரில வந்துரும்.

இப்ப ஒரு மரத்துக்கு கணக்கு போட்டு பாத்துருவோம், ஏன்னா இத ஒரு தடவ கைல போட்டு பாத்தாதான் பெரிய பெரிய எண்ண யாராவது சொன்னா நம்பறதா வேணாமான்னு தெரியும். வெப்பமண்டல மரங்களுக்கு 2014ல ஷாவ்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட சூத்திரம் ரொம்ப பேர் பயன்படுத்தறது: மர அடர்த்தி, விட்டத்தோட வர்க்கம், உயரம் மூணையும் பெருக்கி, வர்ற எண்ண 0.976 அடுக்குக்கு ஏத்தி, 0.0673ஆல பெருக்கணும். சுத்தளவு 94 சென்டிமீட்டர்னா விட்டம் 30, உயரம் 15 மீட்டர், அடர்த்தி 0.6னு (ஒரு கன சென்டிமீட்டர் மரத்துக்கு 0.6 கிராம்) வெச்சா தரைக்கு மேல இருக்கற உலர் எடை சுமார் 440 கிலோ வரும். வேருக்கு கால்வாசி சேத்தா 550. அதுல 0.47 பங்கு கார்பன், சுமார் 258 கிலோ. கார்பன கார்பன் டை ஆக்சைடா மாத்த 44ஐ 12ஆல வகுத்த 3.67ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 950 கிலோ. ஆனா இதோட நிறுத்தாதீங்க, இந்த சூத்திரம் காட்டுல நெருக்கி வளந்த மரத்துக்கு போட்டது, பார்க்ல தனியா நின்னு வெட்டி வெட்டி வளத்த மரத்துல அதவிட எடை குறைவா இருக்கும், அதனால நகர மர கணக்குல 0.8ஆல பெருக்கி குறைக்கற வழக்கம் உண்டு. அப்போ சுமார் 760 கிலோ. ஒரு ஆள் கட்டிப்பிடிச்சா கை சேர்ற அளவு மரம், அது பல வருஷம் வளந்து வெச்சிருக்கறது முக்கா டன். இத மனசுல வெச்சுக்கிட்டா, விரல் தடிமன் கன்னு ஆயிரம் நட்டுட்டு இத்தன டன் கார்பன் சேமிச்சாச்சுன்னு போர்டு வெக்க மனசு வராது. கைல கணக்கு போட நேரமில்லன்னா ஐ-ட்ரீன்னு அமெரிக்க வனத்துறை இலவசமா குடுக்கற மென்பொருள் இருக்கு, ஆனா அது உங்க பகுதி மரத்துக்கும் வானிலைக்கும் பொருந்துதான்னு பாத்துக்கங்க.

இந்த எண்ணிக்கைல ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும், பார்க்ல இருக்கற கார்பன்ல பெரும்பங்கு கொஞ்சமே கொஞ்சம் பெரிய மரங்ககிட்ட இருக்கும். பெரிய மரம் வயசாகி வளர்றத நிறுத்திரும், அதனால வெட்டிட்டு புதுசு வெச்சா நல்லதுன்னு ஒரு பேச்சு உண்டு. ஆனா 2014ல 403 மர இனங்கள வெச்சு பண்ணின ஒரு பெரிய ஆய்வுல பெரும்பாலான இனங்கள்ல மரம் பெருசாக பெருசாக வருஷத்துக்கு ஏத்திக்கற எடையும் கூடிக்கிட்டே போகுதுன்னுதான் தெரிஞ்சுச்சு. அதனால ப்ராஜெக்டோட முதல் செலவு பழைய மரத்துக்குத்தான் போகணும். அடிமரத்த சுத்தி கொட்டின சிமெண்ட உடைச்சு எடுங்க, வேர் மேல கார் நிறுத்தறத தடுங்க, புதுசா நடைபாதை போட தோண்டற கான்ட்ராக்டருக்கு எந்த எல்லைய தாண்டக்கூடாதுன்னு வேலி கட்டி காட்டுங்க. கிளை பரந்திருக்கற அளவு தரைல வேரும் இருக்கும், அதத்தாண்டியும் போகும். பட்டுப்போன மரம் யார் மேலயும் விழாத மூலைல இருந்தா அப்படியே விட்டுருங்க, இல்லன்னா வெட்டி ஓரமா கிடத்துங்க, மெதுவா மக்கட்டும், அதுல பூச்சியும் பறவையும் குடியிருக்கும். எரிச்சா அதே நாள்ல எல்லா கார்பனும் வானத்துக்கு போயிரும்.

மண்ண அளக்கறது இத விட கஷ்டம், ஆனா செய்யணும். பொதுவா 30 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் மாதிரி எடுப்பாங்க. கார்பன் சதவீதம் மட்டும் லேப்ல கேட்டு வாங்கினா பாதி கணக்குதான், கன அடர்த்தியும், அதாவது ஒரு கன சென்டிமீட்டர் மண்ணு எத்தன கிராம்னும் வேணும், அதுக்கு அளவு தெரிஞ்ச இரும்பு வளையத்த மண்ணுல அடிச்சு எடுத்து 105 டிகிரில உலத்தி எடை போடணும். உதாரணமா கார்பன் 1 சதவீதம், அடர்த்தி 1.3, ஆழம் 30 சென்டிமீட்டர்னா ஹெக்டேருக்கு 39 டன் கார்பன், கார்பன் டை ஆக்சைடா சொன்னா 143 டன். ஒரு சதவீதத்துல அவ்ளோ இருக்குன்னா அந்த மண்ண ஜேசிபி விட்டு பொரட்டறதுக்கு முன்னாடி எவ்ளோ யோசிக்கணும் பாருங்க. இங்க ஒரு பொறி இருக்கு. ஜனங்க நடந்து நடந்து மண்ணு இறுகிருச்சுன்னா அதே 30 சென்டிமீட்டருக்குள்ள அதிக மண்ணு அடங்கும், கணக்குல கார்பன் கூடின மாதிரி காட்டும், நிஜத்துல எதுவும் கூடியிருக்காது. அதனால ரெண்டு வருஷத்த ஒப்பிடும்போது ஆழத்த வெச்சு ஒப்பிடாம அதே எடை மண்ண வெச்சு ஒப்பிடணும். அதே இடம், அதே பருவம், முடிஞ்சா அதே லேப். மண்ணு கார்பன் ரொம்ப மெதுவா மாறும், இடத்துக்கு இடம் ரொம்ப வித்தியாசப்படும், ரெண்டு வருஷத்துல கூடிருச்சுன்னு யாராவது சொன்னா எத்தன மாதிரி எடுத்தீங்கன்னு கேளுங்க.

எங்க நடக்கூடாதுன்னு முடிவு பண்றதுதான் இந்த மொத்த வேலைலயே முக்கியமான முடிவு. காலியா கிடக்குன்னு நம்ம நெனைக்கற இடம் காலியே இல்லாம இருக்கும். இயற்கையான புல்வெளி, தலைமுறை தலைமுறையா உழாம கிடந்த புல்லு, அதுக்கு அடில கார்பன் நல்லா சேந்திருக்கும், அந்த புல்ல நம்பி வாழற உயிர்கள் மர நிழல்ல வாழாது. ஈரம் தேங்கற பள்ளம், மழைக்காலத்துல மட்டும் குளமாகற தாழ்வு, இதையும் தொடாதீங்க. பீட்னு சொல்ற சதுப்பு மண்ணு, அதாவது செடிக்கழிவு தண்ணிக்குள்ள முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா சேந்தது, அது உலக நிலப்பரப்புல வெறும் 3 சதவீதம்தான் ஆனா உலகத்து காடுகளோட மொத்த மர எடைல இருக்கறத விட அதிக கார்பன வெச்சிருக்கு. ஸ்காட்லாந்தோட வடக்குப் பகுதில ஃப்ளோ கண்ட்ரின்னு ஒரு பெரிய சதுப்பு பரப்பு இருக்கு, அங்க 1980கள்ல வரிச்சலுகை கிடைக்குதுன்னு வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிச்சு ஊசியிலை மரம் நட்டாங்க, 1988ல அந்த சலுகைய நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்த மரங்கள வெட்டி எடுத்து வாய்க்கால அடைச்சு சதுப்ப மீட்டுக்கிட்டிருக்காங்க, 2024ல அந்த இடம் யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேந்துச்சு. மரம் நட்டதே தப்பா போன இடம் அது. தண்ணி வடிஞ்சா பீட்ல காத்து புகும், பூட்டி வெச்ச கார்பன் மக்கி வெளிய வந்துரும். பிரிட்டன்ல இப்போ 50 சென்டிமீட்டருக்கு மேல ஆழமான பீட்ல புதுசா காடு வளக்க விதி விடறதில்ல. உங்க பார்க்ல அப்படி ஒரு ஈர நிலம் இருந்தா அங்க செய்ய வேண்டியது பழைய வடிகால அடைச்சு தண்ணிய திரும்ப நிக்க விடறது. ஈரமாக்கினா முதல்ல கொஞ்சம் மீத்தேன் வரும், அதையும் கணக்குல எழுதுங்க, 100 வருஷ கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைட விட சுமார் 27 மடங்கு சூடு பண்ணும். அப்படி இருந்தும் வடிஞ்ச பீட்ட அப்படியே விடறத விட நனைக்கறதுதான் நீண்டகாலத்துக்கு நல்லது.

அப்போ எங்கதான் நடறது? அதுக்கு வரைபடம் பத்தாது, நடக்கணும். காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, லீவு நாள்ல ஒரு தடவ. யாரு எங்க உக்காரறாங்க, பசங்க எங்க பந்து விளையாடறாங்க, வயசானவங்க எந்த பெஞ்சுலேர்ந்து எந்த கேட்டுக்கு போறாங்க, புல்லுல கால் பட்டு பட்டு எங்க ஒத்தையடிப்பாதை விழுந்திருக்குன்னு வரைஞ்சுக்கோங்க. அந்த ஒத்தையடிப்பாதைல நட்டா கன்னு மிதிபடும், நட்டவங்க மேல கோவமும் வரும். யாருமே போகாத சரிவு, வேலியோரம், ஓடைக்கரை, பார்க்கிங் ஓரம், வெட்டறதுக்காகவே வெட்டிக்கிட்டிருக்கற புல்தரை துண்டுகள், இதெல்லாம் நல்ல இடம். பாதைக்கு ரெண்டு பக்கமும் பார்வை மறைக்கற மாதிரி அடர்த்தியா நடாதீங்க, சாயங்காலம் தனியா நடக்கற பொண்ணுங்களுக்கு அந்த பாதை அன்னைக்கே மூடின மாதிரி. கார்பனுக்காக ஜனங்க வர்றது நின்னா அந்த பார்க்க யாரும் காப்பாத்த முன்வர மாட்டாங்க.

நடாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு, செலவும் கம்மி. புல்லு வெட்டறத குறைங்க. யாரும் பயன்படுத்தாத பகுதிய வருஷத்துக்கு ஒரு தடவயோ ரெண்டு தடவயோ மட்டும் வெட்டினா மெஷின் பெட்ரோல் மிச்சம், வேர் ஆழமா போகும், பூச்சி பறவை வரும். ஆனா உயரமா வளந்த புல்ல பாத்தா கவனிக்காம விட்டுட்டாங்கன்னு ஜனங்க நெனைப்பாங்க, அதனால பாதையோரமா ரெண்டு மூணு அடி மட்டும் ஒழுங்கா வெட்டி விடுங்க, உள்ள இருக்கறது தெரிஞ்சே விட்டதுன்னு அது சொல்லும். தீ பிடிக்கற வறண்ட பகுதில இத பண்றதுக்கு முன்னாடி தீயணைப்பு துறைகிட்ட கேட்டுருங்க. ரசாயன நைட்ரஜன் உரத்த நிறுத்துங்க, அதுலேர்ந்து வர்ற நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைட விட 270 மடங்குக்கு மேல சூடாக்கும், புல்லுல நீங்க சேக்கறத அது தின்னுடும். உதிர்ற இலைய வண்டில ஏத்தி அனுப்பாம மரத்தடிலயே பரப்புங்க, மிச்சத்த கம்போஸ்ட் பண்ணுங்க. பக்கத்துல விதை மரம் இருந்தா ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்டு சும்மா விட்டு பாருங்க, தானா முளைக்கறது நம்ம நடறத விட நல்லா பிழைக்கும், நம்ம வேலை அயல் களைச்செடிய மட்டும் பிடுங்கறது.

இப்போ நடவு. மொதல்ல எந்த மரம்னு. நர்சரில என்ன மலிவா கிடைக்குதோ அத வாங்கி ஒரே இனமா நட்டுடறது ரொம்ப சகஜமான தப்பு, ஒரே ஒரு பூச்சி, ஒரே ஒரு நோய் போதும். ஃப்ராங்க் சன்டமோர்ங்கற அமெரிக்க மர ஆய்வாளர் 1990ல ஒரு விதி சொன்னாரு: ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம், ஒரே பேரினம், அதாவது நெருங்கின இனங்களோட கூட்டம், 20க்கு மேல வேண்டாம், ஒரே குடும்பம், அதாவது நெருங்கின பேரினங்களோட கூட்டம், 30க்கு மேல வேண்டாம். கறாரா பிடிக்க முடியலன்னாலும் மனசுல வெச்சுக்க நல்ல அளவுகோல். அந்த மண்ணுக்கே சொந்தமான மரம் பாதிக்கு மேல இருக்கட்டும், அதுலயும் இன்னும் 40 வருஷத்துல கூடப்போற வெயில தாங்கறதா பாத்து எடுங்க. வேகமா வளர்றது கொஞ்சம், மெதுவா வளந்து ரொம்ப நாள் நிக்கறது நிறைய.

மியாவாக்கி முறை பத்தி கட்டாயம் யாராவது கேப்பாங்க. ஜப்பான்ல அகிரா மியாவாக்கிங்கற தாவரவியல் அறிஞர் வளத்தெடுத்த முறை, சதுர மீட்டருக்கு மூணுலேர்ந்து அஞ்சு கன்னு வரைக்கும் நெருக்கமா நடறது. சின்ன இடத்துல, சத்தம் புழுதி மறைக்க, பறவைக்கு, நல்ல முறைதான். ஆனா கன்னு எண்ணிக்கைய கார்பனோட பெருக்காதீங்க, அவ்ளோ நெருக்கத்துல நிறைய கன்னு வெளிச்சத்துக்கு போட்டி போட்டு செத்துரும், அது அந்த முறைலயே உள்ளது, கடைசில ஹெக்டேருக்கு எவ்ளோ எடை நிக்குதுங்கறதுதான் கணக்கு. உள்ள ஜனங்க நடக்கவும் முடியாது, அதனால பார்க் முழுக்க இதையே போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

குழி ஆழமா வேண்டாம், அகலமா வேணும், வேர்க்கட்டியோட உயரம்தான் ஆழம், அகலம் அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. தண்டு வேரா விரியற இடம் மண்ணுக்கு மேல தெரியணும், அது புதைஞ்சா பட்டை அழுகும். காஞ்ச இலை சருகால மண்ண மூடற மூடாக்கு போடுங்க, ஆனா தண்ட ஒட்டி குவிக்காதீங்க, நாலு விரல் இடம் விட்டு வட்டமா. முட்டுக்குச்சிய இறுக்கி கட்டாதீங்க, தண்டு கொஞ்சம் காத்துல ஆடினாதான் தடிக்கும், ஒரு வருஷத்துல கயிற அவுத்துருங்க. அவுக்க மறந்த கயிறு மரத்த அறுத்து கொன்னத நான் எத்தனையோ பாத்துட்டேன். முதல் மூணு கோடைக்கு தண்ணி யார், எந்த கிழமை, எந்த குழாய்லேர்ந்துன்னு அட்டவணை போடுங்க, தினமும் கொஞ்சம் தெளிக்கறத விட இடைவெளி விட்டு ஆழமா விடறது வேர கீழ இழுக்கும். நடும்போதே கொஞ்சம் சாகும்னு ஏத்துக்கிட்டு மறுநடவுக்கு காசு ஒதுக்குங்க. புல்வெட்டற மெஷின் தண்டுல பட்டு பட்டை உரியறது பார்க் கன்னு சாகறதுக்கு பெரிய காரணம், அத ஓட்டற ஆள முதல் நாளே கூட்டி வந்து ஒவ்வொரு கன்னையும் காட்டுங்க. எல்லா பயிற்சி கூட்டத்துக்கும் பெரியவங்கள கூப்பிட்டுட்டு அவர விட்டுடறாங்க, கன்னோட உயிர் அவர் கைலதான் இருக்கு.

இப்படி சேமிச்ச கார்பன கார்பன் கிரெடிட்டா விக்கலாமாங்கற கேள்விக்கு வருவோம். வித்தா பராமரிப்புக்கு காசு வருமேன்னு ஆசை இருக்கும், புரியுது. ஆனா கிரெடிட்னா யாரோ ஒருத்தர் வெளிய விடற ஒரு டன்ன உங்க டன்ன காட்டி கழிக்கறாங்க, உங்க டன் பொய்யா இருந்தா காத்துல இருக்கற கார்பன் நிஜமா கூடிருச்சு. முதல் கேள்வி, இந்த ப்ராஜெக்ட் இல்லன்னாலும் இது நடந்திருக்குமா? ஏற்கனவே சட்டத்தால பாதுகாக்கப்பட்ட பார்க்ல நிக்கற மரத்த காப்பாத்தறோம்னு கிரெடிட் கேட்டா அது வெறும் பேப்பர், யாரும் வெட்டப்போறதில்லயே. நகராட்சி பட்ஜெட்ல ஏற்கனவே இருக்கற நடவுக்கும் அதே கதை. ரெண்டாவது, எவ்ளோ காலம் நிக்கும். மூணாவது, இங்க தடுத்தது வேற இடத்துக்கு தள்ளிப்போச்சா, உதாரணமா இந்த மைதானத்த மூடினதால பக்கத்துல மரம் வெட்டி புது மைதானம் போட்டாங்களான்னு. நாலாவது, ஒரே டன்ன ரெண்டு பேர் எண்ணறாங்களா, நீங்க வித்துட்டு அதையே நகரத்தோட காலநிலை அறிக்கைலயும் காட்டினா அது ரெட்டை எண்ணிக்கை.

கிரெடிட்ட சரிபாத்து பதிவு பண்ண அமைப்புகள் இருக்கு. வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் உலக அளவுல தெரிஞ்சது, வெர்ராவோட 2023ல வந்த விஎம்0047 முறைல பரப்பு வெச்சு கணக்கிடறது, சிதறி நடற மரங்கள ஒவ்வொண்ணா எண்ணறதுன்னு ரெண்டு வழி இருக்கு, பார்க்குக்கு ரெண்டாவது வழி ஒத்துவரும். இயற்கை காட்டையோ புல்வெளியையோ பத்து வருஷத்துக்குள்ள அழிச்ச நிலத்துல நட்டு கிரெடிட் கேக்க முடியாது. பிரிட்டன்ல 2011லேர்ந்து வுட்லண்ட் கார்பன் கோட்ங்கற விதித்தொகுப்பு இருக்கு, அதுல கிடைக்கற கிரெடிட்ல 20 சதவீதத்த பொது சேமிப்புல போட்டுடணும், எங்கயாவது காடு எரிஞ்சா அதுலேர்ந்து ஈடு பண்ணுவாங்க. அமெரிக்காவுல நகர மரங்களுக்குன்னே சிட்டி ஃபாரஸ்ட் கிரெடிட்ஸ்னு ஒண்ணு இருக்கு. வாஷிங்டன் மாநிலத்து கிங் கவுண்டிங்கற மாவட்ட நிர்வாகம் பொதுக் காடுகள வெச்சு கிரெடிட் வித்து அந்த காசுல இன்னும் நிலத்த காப்பாத்தற வழில போகுது. என்னோட கருத்து, சில ஹெக்டேர் பார்க்குக்கு கிரெடிட் வேண்டாம். சரிபாக்க வர்ற தணிக்கை செலவே வர்ற காச சாப்பிட்டுரும், பத்து இருபது பார்க் ஒண்ணா சேந்து ஒரே ப்ராஜெக்டா போட்டாதான் யோசிக்கலாம். சின்ன பார்க்ல கார்பன அளந்து, வெளிப்படையா போர்டுல எழுதி, யாருக்கும் விக்காம வெச்சிருக்கறது நேர்மையான வழி, நிழலும் குளிர்ச்சியும் வெள்ளத் தடுப்பும் கிடைக்குதுன்னு அதுக்கு நகராட்சிலயே காசு கேக்கலாம்.

எழுதற எண்ணுலேர்ந்து செலவையும் கழிங்க: குழி தோண்டின மெஷினோட டீசல், கன்னு ஏத்தி வந்த வண்டி, தண்ணி லாரி, பம்ப். புயலுக்கும் வறட்சிக்கும் நோய்க்கும் எவ்ளோ போகும்னு ஒரு பங்கு ஒதுக்குங்க, விக்காட்டியும் அந்த 20 சதவீதத்த நீங்களே ஒதுக்கி வெச்சா யார் கேட்டாலும் தைரியமா பதில் சொல்லலாம்.

ஜனங்ககிட்ட பேசறத நான் கடைசில எழுதறேன்னு அது கடைசி வேலை இல்ல, பேப்பர் பாக்கற அன்னைக்கே தொடங்கணும். ஹால்ல கூட்டம் போட்டா பேச தெரிஞ்சவங்க மட்டும் பேசுவாங்க, அதனால பார்க்லயே நில்லுங்க, கைல ஒரு பெரிய வரைபடம், கலர் குச்சி. நட நெனைக்கற இடத்துல ரெண்டு வாரத்துக்கு குச்சி நட்டு கயிறு கட்டி விடுங்க, அப்போதான் இந்த வழியாத்தான் நாங்க வீல்சேர் தள்ளிட்டு போறோம்னு ஒருத்தர் வந்து சொல்வாரு, அது எந்த சர்வேலயும் வராது. குச்சிய பிடுங்கி வேற இடத்துல வைங்க. பார்க்ல தூங்கறவங்க, கடை போடறவங்க, அவங்களையும் கேளுங்க, அவங்கதான் அங்க அதிக நேரம் இருக்கறவங்க, தீயோ வெட்டோ முதல்ல பாக்கப்போறதும் அவங்கதான்.

கண்காணிப்புக்கு நிலையான துண்டுகள் குறிச்சுக்கோங்க, நாலு மூலைல தரையோட தரையா இரும்பு முளை அடிச்சு, ஜிபிஎஸ் எடுத்து. கன்னுகள முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு ஒரு தடவ எண்ணுங்க, பிழைச்சது எத்தன, செத்தது எத்தன, ஏன் செத்துச்சு. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ சுத்தளவு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மண்ணு. அதே இடத்துலேர்ந்து அதே திசைல போட்டோ. செத்த எண்ணிக்கைய மறைக்காம போர்டுல போடுங்க. எல்லாத்தையும் ஒரே ஆளோட லேப்டாப்ல வெச்சிருக்காதீங்க, ஒரு காப்பி பார்க் ஆபீஸ்ல, ஒரு காப்பி ஏதாவது நூலகத்துல, பேப்பர்லயும் ஒண்ணு. முதல் பக்கத்துல முளை அடிச்ச இடங்களோட கை வரைபடம், டேப்ப எந்த உயரத்துல பிடிச்சீங்க, எந்த சூத்திரம் போட்டீங்கன்னு தெளிவா எழுதி வைங்க, 2050ல அளக்க வர்ற ஆளுக்கு உங்கள தெரியாது, அந்த பக்கம் மட்டும்தான் கைல இருக்கும்.